ஆயர் டன்வால்ட் கண்ட அந்தி

ஆயர் டன்வால்ட் தன் வாழ்நாளின் கடைசி நான்கு ஆண்டுகள், ஊர்மன்றில் பேச எழுந்த ஒவ்வொரு முறையும், ஒரு சாதாரண உழவனைப் போலச் சிலுவையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். தனக்குத் துணையாக மூன்று பேரை அழைத்து வந்து அவர்களையும் சத்தியம் செய்ய வைத்தார். இதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்த்துவிட்டுப் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் முகம் சுளித்தார்கள்.

முகம் சுளித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவன் சிலுவையைத் தொட்டு, "நான் செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். அவனுக்குச் சமமான மூன்று பேர், "இவன் சத்தியம் சுத்தமானது" என்று கூட நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் போகலாம். இரண்டே பேருக்கு இந்தச் சடங்கு கிடையாது. ஒருவர் அரசர், இன்னொருவர் திருச்சபைக்குத் தலைவரான ஆயர். அவர்கள் வாயைத் திறந்து சொன்னால் போதும். அதற்கு எதிராகச் சத்தியம் செய்யக்கூட யாருக்கும் அனுமதியில்லை.

டன்வால்ட் ஏழு ஆண்டுகள் அந்த உரிமையோடு இருந்தார். அதை அவர் ஏன் இழந்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை. மற்றதெல்லாம் முன்கதை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிழக்கே சதுப்பு நாட்டில், ஒரு விலாங்குமீன் பிடிப்பவரின் நான்காவது மகன். படகு கவிழ்ந்து அப்பா பிழைத்த ஆண்டில், நேர்த்திக்கடனாக ஏழு வயதுப் பையனை மடத்தில் விட்டார்கள். மடத்தில் அவருக்குப் பாட்டு வரவில்லை. கணக்கு வந்தது. நிலவும் சூரியனும் எந்த ஆண்டில் எந்த நாளில் எங்கே நிற்கும், ஈஸ்டர் திருநாள் எப்போது விழும் என்பதை விரல் மூட்டுகளிலேயே எண்ணிச் சொல்வார். முப்பது வயதில் பெரிய பெரிய மடாதிபதிகள் அவருக்கு ஆள் அனுப்பித் தேதி கேட்டார்கள். நாற்பத்து நான்காம் வயதில் எங்கள் ரீட்ஃபோர்டுக்கு ஆயரானார். அந்தப் பதவிக்கு இரண்டு பெரிய குடும்பங்கள் அடித்துக்கொண்டன; இரண்டையும் வெறுப்பேற்றுவதற்காக அரசர் மீன்காரர் மகனைப் பிடித்து உட்கார வைத்தார் என்று சொல்வார்கள்.

எங்கள் பள்ளத்தாக்குக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிரசங்கம் சுமார்தான். குதிரைமேல் முள்ளங்கி மூட்டை மாதிரி உட்காருவார். சதுப்பு நாட்டு இழுவையோடு பேசுவார். சந்தையில் ஆட்கள் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள், அவரே நின்று கேட்டுச் சிரிப்பார். ஆனால் மழையோ பனியோ, ஐந்து வீடு உள்ள குடியிருப்பானாலும் நேரில் போவார். அதற்கு முன் இருந்த ஆயரை அங்கெல்லாம் யாரும் பார்த்ததே இல்லை.

அவருடைய ஊர் சமதரை. அங்கே சூரியன் விழுந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழும். அவர் புத்தகங்களிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஆற்றுக்கு மேற்கே செங்குத்தான முகடு ஒன்று சுவர் போல நிற்கிறது. சூரியன் அதன் பின்னால் போனதும் மடத்தில் மணி அடிப்பார்கள். பள்ளத்தாக்கு முழுக்க வேலையை நிறுத்திவிடும். சனிக்கிழமை என்றால் கட்டாயம் நிறுத்த வேண்டும். சனிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து ஞாயிறு சூரியன் மறையும்வரை ஆண்டவருடைய நேரம். அந்த நேரத்தில் தானாக விரும்பி வேலை செய்த சுதந்திர மனிதன் தன் சுதந்திரத்தை இழப்பான்.

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. மணி அடித்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. ஆயர் ஆற்றின் துறையில் குதிரையை இறக்கிக்கொண்டிருந்தார். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். முகட்டின் உச்சியில், சிவந்த வானத்துக்கு எதிரே, கறுப்பாக இரண்டு எருதுகள். பின்னால் ஏர் பிடித்த ஒருவன். முன்னால் எருதுகளை நடத்திக்கொண்டு ஒரு பெண். அவர்கள் ஒரு சால் முடித்துத் திரும்பி, இன்னொரு சாலும் ஓட்டினார்கள். ஆயர் தண்ணீரில் நின்றபடியே பார்த்தார்.

அடுத்த மன்றில் பார்த்ததைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார் என்று அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஏர் ஓட்டியவன் கின்ரிக். முகட்டின் மேல் புதர் வெட்டிப் புதிதாக நிலம் திருத்தியவன். ஆடு மேய்க்கும் இடையர்களைத் தவிர அங்கே அவனுக்கு அக்கம்பக்கம் கிடையாது. அவன் எழுந்து, "சூரியன் என் கண்ணுல அடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. நான் கைய வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன்" என்றான்.

மன்றை நடத்தும் கோட்டத் தலைவர் ஆஸ்ரிக் கையை உயர்த்தினார். "ஆயர் சொல்லிட்டாரு. அதுக்கு மேல யாரும் பேசறதுக்கில்ல. உக்காரு."

கின்ரிக் கையிலிருந்த ஈட்டியை வாங்கிக்கொண்டார்கள். சுதந்திர மனிதனின் அடையாளம் அது. பதிலுக்கு ஒரு வெட்டரிவாளையும் மாடு ஓட்டும் தார்க்குச்சியையும் கொடுத்தார்கள். அன்று முதல் அவன் ஆஸ்ரிக்கின் அடிமை. அவனும், அன்று எருதுகளை நடத்திய அவன் மனைவி லியோபாவும் ஆற்றங்கரையில் ஆஸ்ரிக்கின் பண்ணைக் குடிசைக்கு வந்தார்கள். முகட்டு நிலத்தில் புல் முளைத்தது.

ஏறக்குறைய ஓராண்டு போயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில், இடையர் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க ஆயர் முகட்டின்மேல் ஏறிப் போனார். அதுவும் சனிக்கிழமை. முப்பது பிள்ளைகள். நெற்றியில் எண்ணெய் தொட்டுத் தொட்டு அவர் கை ஓய்ந்துபோனபோது கீழே மடத்து மணி கேட்டது. பக்கத்தில் ஓவா என்ற கிழட்டு இடையர் வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"என்னப்பா ஓவா, மணி காதுல விழலையா? சூரியன் விழுந்தாச்சு. கைய எடு."

"எங்க சாமி விழுந்துச்சு?" ஓவா நிமிரவே இல்லை. "திரும்பிப் பாருங்க."

ஆயர் திரும்பினார். மேற்கே நிலம் தாழ்ந்து தாழ்ந்து தூரத்துக் காடுவரை போயிற்று. காட்டுக்கு மேலே இரண்டு ஈட்டி உயரத்தில் சூரியன் நின்றது. கண் கூசியது. கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

அப்படியே நின்றார். சங்கீதங்களை மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். பக்திக்காகச் சொல்லவில்லை, நேரத்தை அளக்கச் சொன்னார். பதினான்கு சங்கீதம் முடிந்த பிறகுதான் சூரியனின் கடைசி விளிம்பு காட்டுக்குள் போயிற்று. ஏறக்குறைய ஒன்றரை நாழிகை.

"தினமும் இப்படித்தானா?"

"மேகம் இல்லாத நாளெல்லாம் இப்படித்தான். நீங்க கீழ இருட்டுல கூழ் குடிக்கிறப்ப எங்களுக்கு இங்க வெயிலு."

"கின்ரிக் நிலம் எது?"

ஓவா தார்க்குச்சியால் காட்டினார். நூறு அடி தள்ளி.

"அன்னிக்கே ஏன்யா சொல்லல?" ஆயர் ஓவா பக்கம் திரும்பினார். "மன்றுல நீயும்தானே இருந்தே?"

"இருந்தேன். இடையன் எல்லாரும் இருந்தோம். எல்லாருக்கும் தெரியும்." ஓவா கட்டை இறுக்கினார். "உங்க பேச்சுக்கு மேல பேச எவனுக்குச் சட்டம் இருக்கு? நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நீங்க கேக்கல சாமி."

திங்கட்கிழமை காலையில் ஆயர் ஆஸ்ரிக்கின் வீட்டில் நின்றார். ஆஸ்ரிக் கெட்டவர் இல்லை. விவரம் தெரிந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு வாற்கோதுமை மதுவை ஊற்றி நீட்டினார்.

"ஆண்டகை, குடிங்க. ஒரு அடிமைக்காக இவ்வளவு முகம் வாடணுமா? அவன எடுத்துக்கோங்க. சும்மாவே தரேன். பலிபீடத்து முன்னாடி நிறுத்தி விடுதலைன்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு."

"நான் தப்பாச் சொன்னேன்னு மன்றுல சொல்லணும்."

"அத மட்டும் செய்யாதீங்க." ஆஸ்ரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மடத்து நிலத்துக்கு எல்லை எதுல நிக்குது? ஆயர் வார்த்தையில. யாரு ஞானஸ்நானம் வாங்கினா, யாரு யாருக்குப் பொண்டாட்டி, எது கோயில் காடு, எல்லாம் ஆயர் வார்த்தை. அது ஒரு தடவ தப்பாகலாம்னு ஜனங்களுக்குக் காட்டிட்டா, அடுத்த மன்றுல எத்தன பேரு எந்திரிப்பான் தெரியுமா? அந்த வார்த்தை உங்க ஒருத்தர் சொத்து இல்ல ஆண்டகை. உங்களுக்குப் பின்னாடி வர்றவருக்கும் அதுதான் பலம்."

ஆயருக்கு அது நியாயமாகப் பட்டது. அதனால்தான் அவர் அங்கிருந்து நேராகக் கின்ரிக்கின் குடிசைக்குப் போனார், மன்றுக்குப் போகவில்லை. விடுதலையைக் கொடுத்துவிட்டு அமைதியாகிவிடலாம் என்றுதான் போனார். இதை அவரே பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

கின்ரிக் வேலிக்கு முளை சீவிக்கொண்டிருந்தான். லியோபா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். அடிமையான பிறகு உண்டான பிள்ளை அது. பிறந்தால் ஆஸ்ரிக்கின் அடிமை. செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல் திருநாளுக்குள் பிறந்துவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆயர் விஷயத்தைச் சொன்னார். கின்ரிக் கத்தியை நிறுத்தாமல் கேட்டான்.

"வேணாம் சாமி."

"ஏன்யா வேணாங்கிற?" லியோபா எழ முயன்றாள். "பிள்ளையாவது…"

"பிள்ளைக்காகத்தான் சொல்றேன்." அவன் அவளைப் பார்த்துச் சொன்னான். "விடுதலை குடுத்தா நான் யாரு? அடிமையா இருந்து விடுபட்டவன். என் சத்தியத்த எவனும் எடுத்துக்க மாட்டான். ஆஸ்ரிக் கைக்குக் கீழதான் சாகணும். நாளைக்கு இந்தப் பிள்ளைய எவனாவது திருடன்னு சொன்னா, அதுக்காக நான் சிலுவையில கைவைக்க முடியாது. அது மூணு பேரைத் தேடினா, விடுபட்டவன் பிள்ளைக்கு எவன் வருவான்?" பிறகு ஆயர் பக்கம் திரும்பினான். "நான் அடிமையா இருந்தாத்தானே நீங்க விடுதலை குடுக்கணும்? நான் ஞாயித்துக்கெழமைய மீறலைன்னு சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்."

லியோபா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "நீங்க எங்க நின்னு பாத்தீங்க சாமி?" என்று கேட்டாள்.

"ஆத்துத் துறையில."

"தண்ணிக்குள்ளயா? ஏறி வந்து பாக்கணும்னு தோணவே இல்லையா?"

"இல்லைம்மா" என்றார் ஆயர். "தோணல."

அடுத்த மன்றில் கூட்டம் நெரிந்தது. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. ஆயர் எழுந்து, தான் சொன்னது தவறு என்றார். ஆஸ்ரிக்தான் பேசினார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"போன வருசம் ஆயர் சொன்னாரு, அத மறுக்க முடியாது. இந்த வருசம் ஆயர் சொல்றாரு, அதையும் மறுக்க முடியாது. ரெண்டும் உண்மையா இருக்க முடியாதே. நான் எத எடுத்துக்கட்டும்?"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "காசச் சுண்டிப் பாருங்க!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

ஆயர் சிலுவை இருந்த இடத்துக்கு நடந்து போனார். அதன் மேல் கை வைத்தார். கூட்டம் அதிர்ந்தது, ஆயர் ஒருவர் அப்படிச் செய்து எங்களில் யாரும் பார்த்ததில்லை. "என் வார்த்தைய இனிமே வார்த்தையா எடுத்துக்க வேண்டாம்" என்றார். "எல்லார் மாதிரியும் சத்தியம் பண்றேன். என் கூட மூணு பேரு யாராவது வாங்க."

அவருக்குச் சமமானவர் அங்கே யாரும் இல்லை. வந்து நிற்கலாமா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆயர் கையை எடுக்காமல் காத்திருந்தார். யாரும் வரவில்லை.

கடைசியில் ஓவாதான் வாயைத் திறந்தார். "சத்தியம் எதுக்குங்க? சூரியன் தினமும் விழுதுல்ல. சனிக்கெழம போய்ப் பாத்தா என்ன?"

இதற்கு முன் எந்த மன்றும் சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. ஆஸ்ரிக் வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு ஒப்புக்கொண்டார். மன்றின் ஆட்களில் பாதிப் பேர் ஆயரோடு துறையில் நிற்க வேண்டும். பாதிப் பேர் தன்னோடு முகட்டில் நிற்க வேண்டும். கின்ரிக் ஏர் ஓட்ட வேண்டும்.

முதல் சனிக்கிழமை மேகம். அவ்வளவு பேரும் போய் நின்று, ஈரமாகித் திரும்பினார்கள். இரண்டாம் சனிக்கிழமை மழை. "சூரியனுக்குச் சம்மன் போகல போலிருக்கு" என்று சந்தையில் சிரித்தார்கள். ஆயர் அந்த இரண்டு வாரமும் ரொட்டியும் தண்ணீரும் தவிர எதுவும் தொடவில்லை. விலாங்குமீன் சட்டியைத் திருப்பி அனுப்பினார் என்று சமையல்காரி சொன்னாள். மூன்றாம் வாரம் வியாழக்கிழமை லியோபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்று சாயங்காலமே ஆஸ்ரிக்கின் கணக்கப்பிள்ளை வந்து, பண்ணையில் பிறந்த கன்றுகளோடு அதையும் சேர்த்து, கணக்குக் குச்சியில் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போனான்.

மூன்றாம் சனிக்கிழமை காலையில் வானம் கழுவிவிட்டது போலிருந்தது.

ஆயர் துறையில் இறங்கினார். சென்ற ஆண்டு குதிரை நின்ற அதே இடத்தில், முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். அவரைச் சுற்றி முப்பது பேர். சூரியன் முகட்டின் பின்னால் போயிற்று. தண்ணீர் கறுத்தது. மணி அடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சிவந்த வானத்துக்கு எதிரே கறுப்பாக இரண்டு எருதுகள், பின்னால் ஒரு ஆள். முன்னால் இம்முறை ஓவா. அன்று கண்டதும் இன்று கண்டதும் ஒன்றேதான். பக்கத்தில் நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"எதுவும் மாறலையே" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு குதிரையில் ஏறினார்.

முகட்டுப் பாதை செங்குத்து. குதிரையிடம் எப்போதும் பயப்படுகிறவர் அன்று அதை விரட்டினார். மேலே வந்தபோது அவர் முகத்தில் வெயில் அடித்தது. சூரியன் காட்டுக்கு மேலே ஒரு ஈட்டி உயரத்தில் இருந்தது. ஆஸ்ரிக்கும் முப்பது பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். லியோபா குழந்தையைச் சால்வையில் சுற்றிக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும், எழுந்து வந்திருந்தாள்.

"மணி அடிச்சு நாலு சால் ஓட்டிட்டான்" என்றார் ஆஸ்ரிக். "கண்ணால பாத்தேன். எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தப் பிள்ளை?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "குச்சியில வெட்டியாச்சே?"

ஆஸ்ரிக் குழந்தையைப் பார்த்தார். பிறகு சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சூரியன் இருக்கறப்ப வேல செஞ்சான். அதனால ஞாயித்துக்கெழமைய மீறல. மீறாதவன் அடிமை ஆகல. அடிமை ஆகாதவனுக்கு அடிமைப் பிள்ள பிறக்காது. அந்த வெட்ட அழிங்க." தன் ஆளின் கையிலிருந்து கின்ரிக்கின் ஈட்டியை வாங்கி, ஏரின் பக்கத்தில் மண்ணில் குத்தி நிறுத்தினார். "இனிமே இந்த ஆயர் மன்றுல பேசணும்னா சத்தியம் பண்ணணும். அவரே கேட்டாரு. அதுவும் தீர்ப்புதான்."

ஆயர் தலையசைத்தார். குதிரையை விட்டு இறங்கி, உழுத மண்ணில் கால் புதையக் கின்ரிக்கிடம் நடந்து போனார்.

"ஒரு வருசம்" என்றார். பிறகு, "குழந்தைக்கு நானே ஞானஸ்நானம் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சாமி" என்றான் கின்ரிக். "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் குருவைக் கூப்பிட்டிருக்கோம்."

லியோபா குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் சால்வையை இழுத்துவிட்டாள்.

"நான் உனக்கு என்ன செய்யணும், சொல்லு."

கின்ரிக் மேற்கே பார்த்தான். சூரியன் காட்டின் மேல் விளிம்பைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒரு வருடம் தரிசாகக் கிடந்த நிலம்; புல் வேர் இறுகிப்போயிருந்தது. அவன் ஏர்க்கைப்பிடியைப் பிடித்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சாலுக்குள்ள நிக்கிறீங்க. இன்னும் வெளிச்சம் இருக்கு."

ஆயர் தள்ளி நின்றார். ஓவா எருதுகளை அதட்டினார். கூட்டம் போகவில்லை. அவன் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சால். இன்னொரு சால். மூன்றாவது சாலின் நடுவில் சூரியனின் கடைசி விளிம்பு காட்டுக்குள் போயிற்று. கின்ரிக் அந்த இடத்திலேயே நிறுத்தினான். நுகத்தை அவிழ்த்தான். ஏரை மண்ணிலேயே விட்டுவிட்டு, ஈட்டியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, எருதுகளை ஓட்டியபடி, மனைவியோடும் குழந்தையோடும் தன் வீட்டுப் பக்கம் நடந்தான்.